எண்ணில் அகப்படாத மூச்சுத்திணறல்

சேலம் நகரத்துக்குக் கிழக்கே, ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையிலிருந்து அரூர்ச் சாலை பிரிகிற அயோத்தியாப்பட்டணம், இரவிலும் வண்டிச் சத்தம் ஓயாத ஊர்களில் ஒன்று. லாரித் தொழிலால் பெயர்பெற்ற சங்ககிரியும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோடும், விசைத்தறியை இரவு ஷிப்டிலும் நிறுத்தாத சிற்றூர்களும் அடங்கிய இந்தச் சமவெளியில், உறக்கம் கெடுவது உழைப்போடு சேர்ந்து வருவது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கின்றனர். ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது கண் சொக்குவதையும், காலையில் எழும்போதே உடம்பு அசந்துகிடப்பதையும் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் குறைவு. அப்படிப் போகிறவர்களிலும் ஒரு சாராருக்கு, இரவு முழுவதும் நடந்த சோதனைக்குப் பிறகும், ஒன்றுமில்லை என்ற விடையே கிடைக்கிறது. அந்த ஒரு சாராரின் நோய்க்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பெயர் மேல்மூச்சுப்பாதைத் தடை நோய் என்பதாகும். அது தனி நோயா, மற்றொரு நோயின் முதல் படியா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லாததால், அதற்குச் சிகிச்சை தேடுகிறவர்கள் முதலில் நோய் இருப்பதையே மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

இந்நோயைப் புரிந்துகொள்ள, மக்கள் ஓரளவு கேள்விப்பட்டிருக்கும் ஸ்லீப் அப்னியாவிலிருந்து தொடங்குவதே எளிது. மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை இறங்கும் தொண்டைப் பகுதிக்கு எலும்பின் காப்பு இல்லை. அண்ணத்தின் மென்பகுதி, நாக்கின் அடிப்பகுதி, பக்கச் சுவர்கள் ஆகிய மென்தசைகளே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கையில் மூளை அத்தசைகளைத் தொடர்ந்து முறுக்கோடு வைத்திருக்கிறது. உறக்கம் வந்ததும் முறுக்குத் தளர்கிறது. தாடை சிறுத்தோ, கழுத்தில் கொழுப்பு மிகுந்தோ, உள்நாக்குச் சதை வீங்கியோ வழி ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு, மூச்சை உள்ளிழுக்கும் விசையே சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்குப் போராட, காற்று மட்டும் உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை சில விநாடிகள் விழித்துத் தொண்டைத் தசைகளை இறுக்கி வழியைத் திறந்துவிட்டு, மீண்டும் உறங்கிப்போகிறது. இப்படி ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நடந்தாலும், காலையில் நோயாளிக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை.

மருத்துவம் இதை ஓர் எண்ணாக்கி வைத்திருக்கிறது. காற்றோட்டம் பத்து விநாடியாவது நின்றால் அது மூச்சுநிற்றல். முழுவதும் நிற்காமல் ஒரு குறிப்பிட்ட அளவு குறைந்து, அதனால் ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது மூச்சுக்குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மணி நேர உறக்கத்தில் எத்தனை முறை நேர்கின்றன என்ற கணக்குக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். அது 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை இலேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்ற படிகளை 1999-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று வகுத்துக் கொடுத்தது. மும்பையில் ஜரீர் உத்வாடியாவும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, உழைக்கும் வயதிலுள்ள ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் இந்தியர்களுக்கு ஸ்லீப் அப்னியா இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது வரை, இந்நாட்டுக் கணக்குகளும் இந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டவையே. ஏ.எச்.ஐ. குறைவாக இருந்தும் உறக்கம் சிதைந்து அவதிப்படுகிறவர்கள் இந்தப் பத்துக் கோடிக்குள் வரவே மாட்டார்கள்.

அவர்களை முதன்முதலில் முறையாகக் கவனித்தவர், ஸ்லீப் அப்னியாவுக்கே 1970-களில் வரையறை தந்தவர்களுள் முதன்மையானவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கிறிஸ்டியன் கியோமினோ, 1982-இல் குறட்டை விடும் குழந்தைகள் சிலரை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு மூச்சு நிற்கவில்லை, ஆக்சிஜனும் பெரிதாக இறங்கவில்லை, ஆனாலும் பகலில் சோர்வும் கவனக்குறைவும் மிகுந்திருந்தன என்பதைக் கண்டார். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1993-இல், பகல் உறக்கம் மிகுதியாக இருந்தும் காரணம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த 15 பெரியவர்களிடம் அதே நிலையை மெய்ப்பித்து, அதற்கு மேல்மூச்சுப்பாதைத் தடை நோய் என்று பெயரிட்டார்.

அதை மெய்ப்பிக்க அவர் கையாண்ட கருவி எளியது, ஆனால் நோயாளிக்குத் தொல்லையானது. மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாகச் செலுத்தி உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி வரை இறக்கி வைத்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் மூச்சு இழுக்கும் விசை எவ்வளவு என்பதை அதன் அழுத்தமானி காட்டிக்கொண்டே இருக்கும். நலமாக உறங்குகிறவரின் வரைபடத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் பள்ளங்கள் தோன்றும். இந்நோயாளிகளின் வரைபடத்தில் ஒரு பள்ளத்தைவிட அடுத்தது ஆழம், அதைவிட அதற்கடுத்தது ஆழம் என்று அது இறங்கிக்கொண்டே போய், ஒரு மூச்சில் சட்டென்று மீண்டு பழைய அளவுக்கு வந்து நிற்கும். சரியாக அதே கணத்தில், தலையில் ஒட்டிய மின்முனைகள் மூளை அலையின் வேகம் மூன்று விநாடிக்கு மேல் மாறியதைப் பதிவு செய்திருக்கும். இந்தச் சிறு விழிப்பை நுண்விழிப்பு என்பர். காற்று முழுவதும் நிற்கவில்லை, ஆக்சிஜன் இறங்கவுமில்லை, ஏனெனில் அவை நேரும் முன்பே மூளை விழித்துக்கொண்டுவிட்டது. உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தக் காவலுக்கு விலையாக உறக்கம் துண்டு துண்டாகிறது.

ஸ்லீப் அப்னியா என்றால் பருத்த உடல், தடித்த கழுத்து, அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை என்ற உருவம் மருத்துவர்களின் மனத்திலும் பதிந்திருக்கிறது. மேல்மூச்சுப்பாதைத் தடை நோயாளிகள் அந்த உருவத்துக்கு ஒத்துவருவதில்லை. அவர்களில் பெண்கள் ஆண்களுக்கு நிகரான அளவில் உள்ளனர், பலர் ஒல்லியானவர்கள், தாடை பின்வாங்கியும், மேலண்ணம் குறுகி உயர்ந்தும், பற்கள் நெருக்கியும் இருப்பது அவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. குறட்டை இலேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரவில் பலமுறை முழிப்புத் தட்டுவது, மீண்டும் உறக்கம் பிடிக்காமல் புரள்வது, காலைத் தலைவலி, தசைவலி, கைகால் சில்லிடுவது, எழுந்து நிற்கையில் கிறுகிறுப்பது ஆகியவையே அவர்கள் சொல்லும் குறைகள். ஸ்லீப் அப்னியா இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது நன்கறியப்பட்டது. இந்நோயாளிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததைக் கியோமினோவின் குழு பின்னர் அறிவித்தது.

இந்தக் குறைகளைக் கேட்கும் மருத்துவர் முதலில் இரத்தசோகையையும் தைராய்டையும் நினைப்பது இயல்பு, சரியும்கூட. அவை இல்லை என்று தெரிந்தபின் மனச்சோர்வு, பதற்றம், நாட்பட்ட களைப்பு நோய் என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன. பாவு ஓட்டியும் தார் சுற்றியும் வீட்டு வேலையையும் முடித்துவிட்டுப் படுக்கிற ஒரு பெண், எவ்வளவு படுத்தாலும் அசதி தீரவில்லை என்று சொன்னால், வேலை அதிகம், கவலை அதிகம் என்று வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு கட்டிவிடுவது எளிதாக நடக்கிறது. பகல் உறக்கத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் எப்வொர்த் அளவுகோலும் அவருக்கு உதவுவதில்லை. ஆஸ்திரேலியாவின் மரே ஜான்ஸ் 1991-இல் வகுத்த அந்த அளவுகோல், உட்கார்ந்து படிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், காரில் பயணியாகச் செல்கையில் என எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பைக் கேட்டு 24-க்கு மதிப்பெண் இடுகிறது. நாள் முழுவதும் நின்றபடி தறி பார்க்கிறவருக்கு அச்சூழல்களில் பாதி வாய்ப்பதே இல்லை. அதோடு, இந்நோயாளிகள் பலருக்குக் களைப்புத்தான் மிகுமே தவிர உட்கார்ந்த இடத்தில் உறக்கம் வருவதில்லை.

சோதனைக் கருவியே நோயைத் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சிகிச்சை தேடுகிறவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது அது. முழுமையான உறக்கச் சோதனையில், அதாவது ஸ்லீப் ஸ்டடியில், தலையில் மூளை அலைகளுக்கும், கண்ணோரத்தில் விழியசைவுக்கும், தாடையில் தசை முறுக்குக்கும் மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. மூக்கில் காற்றழுத்தத்தை அளக்கும் மென்குழல், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் அளவி ஆகியவற்றோடு, பணியாளர் ஒருவர் இரவு முழுவதும் கண்காணிக்கிறார். செலவும் அலைச்சலும் கருதி இன்று பெருகிவரும் வீட்டுச் சோதனைக் கருவிகளில் மூக்குக்குழலும் பட்டையும் விரலளவியும் மட்டுமே பெரும்பாலும் உண்டு. மூளை அலைக்கு இடமில்லை. மூளை அலை இல்லாமல் நுண்விழிப்பைக் காண முடியாது. நுண்விழிப்பைக் காணாமல் இந்நோயைக் கணக்கிட முடியாது. மேலும், அக்கருவி நோயாளி உண்மையில் உறங்கிய நேரத்தை அறியாததால், பதிவு நடந்த மொத்த நேரத்தால் வகுத்துவிடுகிறது. ஏழு மணி நேரம் படுத்து நாலு மணி நேரமே உறங்கியவருக்கு ஏ.எச்.ஐ. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து தெரிவது இதனால்தான். கடுமையான ஸ்லீப் அப்னியாவைக் கண்டுபிடிக்க வீட்டுச் சோதனை போதும், நன்கு பயன்படவும் செய்கிறது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொண்டு நோயே இல்லை என்று தீர்ப்பளிப்பதுதான் பிழை.

முழுச் சோதனையிலும் எண்ணும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. ஆக்சிஜன் 4 விழுக்காடு இறங்கினால்தான் மூச்சுக்குறைவு என்று கொள்வது ஒரு முறை; 3 விழுக்காடு இறங்கினாலோ, இறங்காமலே நுண்விழிப்பு நேர்ந்தாலோ போதும் என்பது மற்றொன்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிந்தைய முறையையும் நுட்பமான கருவிகளையும் கொண்டு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டபோது, நாற்பது வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும் பெண்களில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானோருக்கும் நடுத்தர அல்லது கடுமையான நிலை இருப்பதாகத் தெரிந்தது. ஊரில் பாதி ஆண்களுக்கு ஒரு நோய் என்றால், அந்த எண் நோயைக் காட்டுகிறதா, மூப்பின் இயல்பைக் காட்டுகிறதா என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஆக, ஒரே மனிதரின் ஒரே இரவு, ஓர் ஆய்வகத்தில் 3 என்றும் இன்னொன்றில் 14 என்றும் அறிக்கையாக முடியும். ஏ.எச்.ஐ.யோடு, மூச்சுக்குப் போராடி விழித்த தடவைகளையும் சேர்த்துக் கூட்டிய ஆர்.டி.ஐ. என்னும் மற்றோர் எண்ணும் உண்டு. அது அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கிறதா, எந்த விதிப்படி எண்ணப்பட்டது என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது.

மறுபக்கத்து வாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எடின்பரோவின் நீல் டக்ளஸ் போன்றோர், இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டும் அளவுக்குச் சான்றுகள் இல்லை என்று 2000-த்தில் வாதிட்டனர்; உறக்க நோய்களின் பன்னாட்டு வகைப்பாடும் 2005 முதல் இதைத் தடைவகை ஸ்லீப் அப்னியாவுக்குள்ளேயே அடக்கிவிட்டது. நலமானவர்களுக்கும் உறக்கத்தில் காற்றோட்டம் ஓரளவு தடைபடவே செய்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் நடந்த ஆய்வில், எந்தக் குறையும் இல்லாதவர்களிடமும் உறக்க நேரத்தில் 30 விழுக்காடு வரை அத்தடை காணப்பட்டது. களைப்பாக இருக்கும் எல்லாருக்கும் தொண்டைதான் காரணம் என்று கிளம்பினால், போதிய நேரம் தூங்காதவர்களையும் மனச்சோர்வால் துன்புறுகிறவர்களையும் தவறான வழியில் அனுப்ப நேரும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்திருக்க, அதை மீறி இரவும் பகலும் வண்டி ஓட்டவைக்கப்படும் ஓட்டுநருக்கு முதலில் தேவை ஓய்வு. அதற்குப் பிறகுதான் சோதனை. எனினும், பெயரைப் பற்றிய இந்தப் பூசல் நோயாளியின் கணக்கில் வரவாகவில்லை. வகைப்பாட்டில் ஒரு நோயைப் பெரிய நோய்க்குள் அடக்கிவிட்டு, பெரிய நோயின் எண் வரம்பை எட்டாததால் சிகிச்சையும் இல்லை என்று மறுப்பது நேர்மையான ஏற்பாடாகாது.

மறுத்தால் என்ன ஆகிறது என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டும் சிகிச்சை பெறாதிருந்த 94 பேரைக் கியோமினோவின் குழு நாலைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சோதித்து 2006-இல் எழுதியது. அவர்கள் சிகிச்சை பெறாததற்குப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்கள் செலவை ஏற்க மறுத்ததே காரணம். இடைப்பட்ட காலத்தில் அவர்களின் களைப்பும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் கூடியிருந்தன. உறக்க மாத்திரையும் மனச்சோர்வு மருந்தும் எழுதிக்கொடுக்கப்படுவது பெருகியிருந்தது. அவர்களுள் மிகச் சிலரே ஸ்லீப் அப்னியா நிலைக்கு மாறியிருந்தனர் என்பதால், இது வெறும் முதல் படிதான் என்ற கருத்தும் அந்த ஆய்வில் வலுவிழந்தது.

சிகிச்சையின் வரலாறு கழுத்தில் துளையிடுவதில் தொடங்கியது. 1970-களில் கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்கு நம்பத்தக்க ஒரே வழி, தொண்டையின் குறுகிய பகுதியைத் தவிர்த்து மூச்சுக்குழாயில் நேரடியாகத் துளை போடுவதாகவே இருந்தது. சிட்னியில் காலின் சல்லிவன் 1980-இல், வாக்குவம் கிளீனரின் ஊதுபொறியைப் போன்ற ஒன்றைக் காற்றை வெளியே தள்ளுமாறு அமைத்து, மூக்கில் ஒட்டிய முகமூடி வழியாக இலேசான அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினார். தொண்டைச் சுவர்கள் ஒட்டாமல் விலகி நின்றன, நோயாளி இரவு முழுவதும் உறங்கினார். ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் 1981-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததே இன்று சீபேப் என்று வழங்கும் கருவி. மேல்மூச்சுப்பாதைத் தடை நோயிலும் முதல் 15 பேருக்கு இதுவே கொடுக்கப்பட்டு, நுண்விழிப்புகளும் பகல் உறக்கமும் குறைந்தது காட்டப்பட்டது.

ஆனால் கருவி வேலை செய்வது ஒன்று, மனிதர் அதை மாட்டிக்கொண்டு உறங்குவது வேறொன்று. 2016-இல் வெளிவந்த சேவ் என்னும் பெரிய ஆய்வில், 2,700-க்கும் மேற்பட்டோரில் சீபேப் கொடுக்கப்பட்டவர்கள் அதைப் பயன்படுத்திய நேரம் இரவுக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. சிறு தடைக்கே விழித்துக்கொள்ளும் மூளையை உடையவர்கள், முகமூடியின் கசிவுக்கும் குழாய் இழுப்புக்கும் சேர்த்தே விழித்துக்கொள்வதால், தடை நோயாளிகள் பலர் சில வாரங்களில் கருவியைப் பரணில் போட்டுவிடுகின்றனர். அதை அவர்களின் பிடிவாதம் என்று கொள்ளாமல் நோயின் இயல்பு என்று கொண்டால் வழி பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வொன்றில், உறக்கமின்மையும் ஸ்லீப் அப்னியாவும் சேர்ந்திருந்தவர்களுக்கு, படுக்கும் நேரத்தையும் உறக்கம் பற்றிய அச்சத்தையும் சீர்படுத்தும் நடத்தைச் சிகிச்சையை முதலில் அளித்துப் பிறகு சீபேப் கொடுத்தபோது, அவர்கள் கருவியை இரவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயன்படுத்தினர். இதற்கு மருந்தோ எந்திரமோ தேவையில்லை, பயிற்சி பெற்ற ஒருவர் சில வாரங்கள் உட்கார்ந்து பேசினால் போதும் என்பதால், சிறு நகரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சிகிச்சை குறைவே.

தாடை சிறுத்தவர்களுக்குப் பல் மருத்துவத்திலும் வழி உண்டு. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்து வைக்கும் பற்கவசம் ஒன்றை இரவில் அணிந்தால், நாக்கின் அடிப்பகுதியும் அதோடு முன்வந்து தொண்டை விரிகிறது. சாவ் பாவ்லோவில் மேல்மூச்சுப்பாதைத் தடை நோயாளிகளிடமே இக்கவசத்தைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் உறக்கமும் பகல் நிலையும் மேம்பட்டதைக் காட்டியது. ஒவ்வாமையால் எப்போதும் மூக்கடைப்போடு இருப்பவர்களுக்கு, அந்த அடைப்பை மருந்தால் தீர்ப்பது முதல் வேலை. நார்த்தூசியும் மாவுத்தூசியும் நிறைந்த தறிக்கூடங்களிலும் சேகோ ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் விடக்கூடாது. மூக்குத் தண்டு அறுவையால் ஏ.எச்.ஐ. பெரிதாகக் குறைவதில்லை என்றாலும், மூச்சு முயற்சி குறைவதும் சீபேப் அணிவது எளிதாவதும் உண்டு. நாக்கு, அண்ணம் ஆகியவற்றின் தசைகளுக்கு அன்றாடம் பயிற்சி தருவதால் பெரியவர்களிடம் ஏ.எச்.ஐ. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கண்டது. ஆயினும் அதில் சேர்ந்த ஆய்வுகள் சிறியவை.

ஏன் ஒருவருக்குக் கேட்கும் சிகிச்சை மற்றவருக்குக் கேட்பதில்லை என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த விடை, இந்தத் துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எனலாம். குறுகிய தொண்டை ஒரு காரணம் மட்டுமே. தடை நேரும்போது நாக்குத் தசை எவ்வளவு விரைந்து முறுக்கேறுகிறது, எந்த அளவு முயற்சியில் மூளை விழித்துக்கொள்கிறது, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு எவ்வளவு வேகமாக எதிர்வினை ஆற்றுகிறது என்ற மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. டேனி எக்கர்ட்டும் பிறரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லீப் அப்னியா உடையவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினருக்கு இம்மூன்றில் ஒன்றாவது கோளாறாக இருந்தது. மூன்றாவது காரணத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்லலாம். வண்டி இலேசாக இடப்பக்கம் ஒதுங்கியதும் ஸ்டீயரிங்கை மிகையாக வலப்பக்கம் ஒடிப்பவர், உடனே அதைச் சரிசெய்ய இடப்பக்கம் மிகையாக ஒடித்து, நேர்ச்சாலையிலும் வண்டியை அலைபாய விடுவார். அதுபோலவே, இரத்தத்தில் கரியமில வாயு சிறிது கூடியதும் மிகையாக மூச்சுவிடும் மூளைத்தண்டு, அந்த வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிட்டு, பிறகு மூச்சுவிடும் தூண்டுதலே இல்லாமல் நின்றுவிடுகிறது.

இத்தகையவர்களுக்குத் தொண்டையைத் திறந்துவைத்தாலும் மூச்சு நிற்கும். சீபேப் தொடங்கியபின் புதிதாகத் தோன்றும் இந்த மைய வகை மூச்சுநிற்றல், கருவி அணிகிறவர்களில் சிலருக்கு வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்கு அழுத்தத்தை மேலும் மேலும் கூட்டுவது தீங்கு. ஒவ்வொரு மூச்சையும் அளந்து ஈடுசெய்யும் நுட்பக் கருவி ஒன்று இதற்கென உருவாயிற்று. ஆனால் 2015-இல் வெளிவந்த சர்வ்-எச்.எஃப். ஆய்வில், இதயம் வலுவிழந்து மைய வகை மூச்சுநிற்றலும் உடைய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, எண்கள் அழகாகக் குறைந்தன, இறப்போ கூடியது. எண்ணைச் சீராக்குவதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தத் துறையில் இதைவிடக் கசப்பான சான்று இல்லை. 2024-இல் பெரும் ஆரவாரத்தோடு வந்த டிர்செபடைட் ஊசியையும் எச்சரிக்கையோடே பார்க்க வேண்டும். உடற்பருமனோடு கூடிய ஸ்லீப் அப்னியாவில் அது நல்ல பலன் தந்தது உண்மை. எடை குறைப்பதால் வேலை செய்யும் அது, ஒல்லியான உடலும் குறுகிய அண்ணமும் உடைய பெண்ணுக்கு எவ்வகையிலும் உதவாது.

இவ்வளவும் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பார்க்கும்போது எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றலாம். உணவுக்குழாய் அழுத்தச் சோதனை இந்தியாவின் பெரிய மையங்களிலும் அரிது; சீபேப் கருவி பல பத்தாயிரம் ரூபாய்; ஆனால் முதல் படிகள் அண்மையில்தான் இருக்கின்றன. சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் நெஞ்சக நோய் மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பதால், மூக்கையும் அண்ணத்தையும் தாடையையும் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு எந்த உயர்நுட்பமும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பணியாளர், குறட்டையையும், காலையில் அசதி தீர்ந்து எழுகிறார்களா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். குழந்தைகளிடம் இந்தக் கேள்வி இன்னும் பயன் தரும். வாயைத் திறந்தபடி உறங்கும், பள்ளியில் கவனம் சிதறும் குழந்தையின் உள்நாக்குச் சதையும் மூக்குப் பின்சதையும் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்துத் தேவையானால் நீக்குவதும், வளரும் வயதிலேயே குறுகிய அண்ணத்தைப் பல் மருத்துவரைக் கொண்டு விரிப்பதும், வளர்ந்தபின் செய்யும் எந்தச் சிகிச்சையையும்விட எளியவை.

ஓட்டுநர்களைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பிறப்பித்த ஆணை, ஏ.எச்.ஐ. 15-க்கு மேற்பட்டுப் பகல் உறக்கமும் மிகுந்தவர்கள், நோய் கட்டுக்குள் இருப்பதைக் காட்டினால்தான் உரிமம் பெறலாம் என்கிறது. இந்தியாவில் போக்குவரத்து வாகன உரிமத்துக்கு மருத்துவர் தரும் சான்றிதழ் கண்பார்வை, செவித்திறன், வலிப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளது. ஐரோப்பிய விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கிளம்பும் பருத்த கழுத்து ஓட்டுநர்களில் பலர் சோதனைக்கு வந்து சிகிச்சையும் பெறுவர். அது பெரிய நன்மை. ஏ.எச்.ஐ. 4 என்று அறிக்கை வாங்கிய ஒல்லியான ஓட்டுநரோ அந்த விதியின்படியும் நலமானவர்தான், அடுத்த லோடுக்கு அவர் வண்டி எடுக்கலாம்.